தோள்பை வாங்கும்முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவரின் பையில் ஒரு சாதாரண நாளில் என்னென்ன இருக்கும்? மடிக்கணினி, அதற்கான மின்னூட்டி, தண்ணீர்ப் போத்தல், குறிப்பேடுகள், குடை, பவர் பேங்க், பேனாப் பை, பணப்பை, வீட்டுச் சாவி. மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்பவர் என்றால் மாற்றுச் சட்டை ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பையும் இப்போது லேசானதன்று. 2021ஆம் ஆண்டுக்குள் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைக்க கல்வி அமைச்சு ஏற்பாடு செய்தது. அன்று முதல் பாடநூல்களோடு மடிக்கணினியோ கைக்கணினியோ தினமும் பள்ளிக்கும் வீட்டுக்கும் பயணம் செய்கிறது. எடுசேவ் பணத்தில் வாங்கிய அந்தச் சாதனத்தைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது பையின் பொறுப்பு.

அன்றாடம் கையோடு எடுத்துச் செல்லும் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதை ‘எவ்ரிடே கேரி’ என்ற பெயரில் ஒரு பொழுதுபோக்காகவே செய்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எடுக்கப்படும் அத்தகைய காணொளிகளில் மடக்குக் கத்தியும் பட்டியலில் இருக்கும். அதை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். ஆனால், பையைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் காட்டும் அக்கறையை நாம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

பெரும்பாலானோர் பை வாங்கும்போது நிறம், வடிவம், சின்னம், விலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கவனமானவர்கள் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். ஆனால் பழைய பைகளை நினைத்துப் பாருங்கள். துணியின் நடுப்பகுதி கிழிந்ததால் தூக்கியெறிந்த பை எத்தனை? வார் பிய்ந்தது, ஜிப் மூட மறுத்தது, அடிப்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்தது ஆகியவைதான் பெரும்பாலும் காரணங்களாக இருக்கும். ஆகவே, பையின் ஆயுளை அறிய இந்த மூன்று இடங்களைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் எடை போடுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. தினமும் எடுத்துச் செல்லும் பொருள்களை ஒன்றாக வைத்து வீட்டுத் தராசில் எடை பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: மடிக்கணினி 1.4 கிலோ, மின்னூட்டி 300 கிராம், நிரப்பிய தண்ணீர்ப் போத்தல் 1 கிலோ, குறிப்பேடுகள் அரை கிலோ, குடை 300 கிராம், பவர் பேங்க் 200 கிராம், சில்லறைப் பொருள்கள் 200 கிராம். மொத்தம் 3.9 கிலோ. வெறும் பை 800 கிராம் என்றால் தோளில் ஏறுவது 4.7 கிலோ.

மாணவர்கள் சுமக்கும் பை உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது இரண்டு தோள்களிலும் மாட்டும் முதுகுப்பைக்கான கணக்கு. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 10 விழுக்காடு என்பது 5 கிலோ. மேலே சொன்ன பை அந்த எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. தோள்பையின் சுமையோ ஒரு பக்கத்தில் மட்டும் இறங்குகிறது. அதைச் சமன்செய்ய உடல் மறுபக்கம் சாய்கிறது. கழுத்தும் தோளும் வலிக்கின்றன.

உங்கள் பொருள்கள் நான்கு கிலோவைத் தாண்டினால் தினசரிப் பயன்பாட்டுக்குத் தோள்பை ஏற்றதன்று, முதுகுப்பைதான் சரி. இரண்டு மூன்று கிலோ என்றால் தோள்பை வசதியானது. நெரிசலான ரயிலில் முன்பக்கம் இழுத்துக்கொள்ளலாம், கழற்றாமலே பயண அட்டையை எடுக்கலாம், முதுகும் வியர்க்காது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. தடித்த கேன்வாஸ், கனமான உலோகக் கொக்கிகள் என்று மிகவும் உறுதியாகச் செய்யப்பட்ட சில பைகள் வெறுமையாகவே ஒன்றரை கிலோ இருக்கும். அத்தகைய பை பத்தாண்டு உழைக்கலாம். ஆனால், அந்தப் பத்தாண்டும் உங்கள் தோள் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய உறுதிக்கும் ஒரு விலை உண்டு.

வார் சேரும் இடம்

தோள்பையின் முழு எடையும் வார் பையோடு சேரும் இரண்டு இடங்களில் தொங்குகிறது. பேருந்தைப் பிடிக்க ஓடும்போது பை குதிக்கிறது. அந்த நொடியில் அவ்விடங்களில் விழும் இழுவை பையின் எடையைப் போல இரண்டு மடங்கையும் தாண்டலாம். அன்றாடம் இப்படி இழுபடும் இடத்தில் ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால் நீண்ட நாள் தாங்காது.

பையைத் திறந்து, வார் சேரும் இடத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போலத் தைத்திருந்தால் நல்லது. அல்லது நெருக்கமான குறுந்தையல், தடித்த கோடு போல, பல முறை முன்னும் பின்னும் ஓடியிருக்க வேண்டும். வாரின் முனை தையல் மூட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஓரத்தை மட்டும் கவ்விக்கொண்டிருந்தால் அது விரைவில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

வார் இடத்தைச் சரியாகக் கையாண்ட பழைய வடிவம் ஒன்று தமிழர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தோளில் மாட்டிய ஜோல்னாப் பையைத் தாத்தா பாட்டி வீட்டுப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். பல ஜோல்னாப் பைகளில் வார் தனியாக ஒட்டுப்போட்டதாக இருக்காது. ஒரே நீளமான துணிப்பட்டை பையின் இரு பக்கச் சுவர்களாக இறங்கி வரும். அதே பட்டை மேலே தோள்வாராகத் தொடரும். எடை ஒரு புள்ளியில் தொங்காமல் நீண்ட தையல் முழுவதிலும் பரவுவதால், மெல்லிய பருத்தித் துணியும் புத்தகங்களைத் தாங்கியது.

இன்றைய பைகளிலும் இதே யோசனையைக் காணலாம். நல்ல தோள்பைகள் சிலவற்றில் வாரின் பட்டை பையின் பக்கவாட்டில் இறங்கி, அடிப்பக்கத்தைச் சுற்றி மறுபக்கம் ஏறும். சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் 1993ல் ஃப்ரைடாக் சகோதரர்கள் பழைய லாரிப் படுதாக்களை வெட்டித் தோள்பை தைக்கத் தொடங்கியபோது, வாருக்குப் பயன்படுத்தியது கார்களின் பழைய இருக்கை வார்களை. விபத்தில் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்தும் பட்டைக்கு ஒரு மடிக்கணினி பெரிய சுமையன்று.

வாரின் அகலமும் முக்கியம். மடிக்கணினி சுமக்கும் பைக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலமாவது இருந்தால் தோளில் அழுந்தாது. வாரைக் கோக்கும் வளையம் உலோகமானால், அதன் இரு முனைகளும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பற்றவைக்காத வளையம் எடை தாங்காமல் மெல்ல விரியும்.

ஜிப் எண்ணைப் பாருங்கள்

ஜிப்பின் இழுப்பானைத் திருப்பினால் பின்பக்கம் 3, 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருப்பதைப் பல பைகளில் காணலாம். மூடிய ஜிப்பின் பற்கள் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை அது குறிக்கிறது. பணப்பை, பேனாப் பை போன்றவற்றுக்கு 3 போதும். பையின் உள்ளறைகளுக்கு 5 சரியாக இருக்கும். தினம் பல முறை திறந்து மூடும் முதன்மை அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நிம்மதி.

1934ல் டோக்கியோவில் தொடங்கிய ஒய்கேகே நிறுவனத்தின் ஜிப்கள் உலகெங்கும் நம்பிக்கை பெற்றவை. ஆனால், அந்த மூன்றெழுத்தைப் பொறித்த போலிகளும் சந்தையில் உண்டு. எழுத்தை நம்புவதைவிடக் கையை நம்புவது நல்லது. ஜிப்பை ஒரு கையால், ஒரே இழுப்பில், மூலையைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். புதுப் பையிலேயே மூலையில் தயங்கும் ஜிப், பை நிரம்பிய பிறகு இன்னும் அதிகமாக முரண்டுபிடிக்கும்.

ஜிப் கெட்டுப்போனால் பை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூடிய பின்னாலேயே பற்கள் வாய் பிளந்தால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது இழுப்பான் மட்டுமே. அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அடிப்பக்கமும் துணியும்

ரயிலில், வகுப்பில், உணவங்காடியில் என்று நாள் முழுவதும் பை தரையில் உட்கார்கிறது. அதனால் அடிப்பக்கம் இரட்டைத் துணியாக இருக்கிறதா, மூலைகளில் கூடுதல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மடிக்கணினி அறையின் அடிப்பகுதி பையின் அடியைத் தொடாமல் ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பது நல்லது. பையைச் சட்டென்று தரையில் வைக்கும்போது அடி நேராகக் கணினியின் விளிம்பில் படாது.

இனி துணி. பை விளம்பரங்களில் 500டி, 1000டி என்று வரும் எண்கள் டெனியர் என்ற அளவைக் குறிப்பவை. 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுவே அதன் டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூலின் எடை 1 கிலோ. எண் கூடினால் நூல் தடிப்பு, அவ்வளவுதான். அது உறுதிக்கான மதிப்பெண் அன்று.

ஒரே டெனியரில் நைலானும் பாலியெஸ்டரும் கிடைத்தால், தேய்மானத்தைத் தாங்குவதில் பொதுவாக நைலான் முந்தும். வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் முந்தும், விலையும் குறைவு. கார்டூரா என்ற சின்னத்தில் வரும் தடித்த நைலான் துணிகள் ராணுவச் சாமான்களிலும் பயணப் பைகளிலும் அதிகம் பயன்படுகின்றன. மாணவர் பைக்கு 500 முதல் 1000 டெனியர் வரையிலான நைலான் தாராளம். கைபோன தையலை எந்தத் துணியாலும் ஈடுகட்ட முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஈரப்பதம் என்னும் எதிரி

வெளிநாட்டுக் காணொளிகள் அதிகம் பேசாத ஒன்று நம் பருவநிலை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம்.

பல பைகளின் உள்பக்கத்தில் தண்ணீரைத் தடுக்கப் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு காலப்போக்கில் வேதியியல் முறையில் சிதையும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுப்பும் ஒருவித நாற்றமும் வருவதற்கு இதுவே காரணம். செயற்கைத் தோல் பைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் செதில் செதிலாக உரிவதற்கும் இதுதான் காரணம். உரிந்த பிறகு அதைப் பழுதுபார்க்க வழியில்லை. நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்றால் செயற்கைத் தோலைத் தவிர்ப்பது நல்லது.

பருத்திக் கேன்வாஸ் அழகானது, தைக்க எளிதானது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். நனைந்த பையை மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். கேன்வாஸை விரும்புபவர்கள் அன்றன்று காற்றாட விடும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

‘நீர் தாங்கும்’ என்று எழுதிய பையெல்லாம் நீர்புகாத பை ஆகிவிடாது. துணி தாங்கினாலும் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் நீர் இறங்கும். மேலே மடிந்து மூடும் மடல் உள்ள தோள்பைக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. எப்படியும் மடிக்கணினியை நீர்புகாத உறையில் போட்டு வைப்பது மலிவான காப்புறுதி.

விலை சொல்லும் கணக்கு

நம் பள்ளியாண்டு 40 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏறக்குறைய 200 நாள் பை வேலை செய்கிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம்.

25 வெள்ளிப் பை ஓராண்டு உழைத்தால், ஒரு நாளைக்கு 12.5 காசு. 90 வெள்ளிப் பை நான்கு ஆண்டு உழைத்தால், ஒரு நாளைக்கு 11.25 காசு. விலையுயர்ந்த பை மயிரிழையில் வெல்கிறது. ஆனால், அதே 90 வெள்ளிப் பை சலித்துப்போய் இரண்டாம் ஆண்டிலேயே மாற்றப்பட்டால் 22.5 காசு, மலிவான பையைவிட அதிகச் செலவு. இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த 25 வெள்ளிப் பையின் ஜிப் இழுப்பானை 8 வெள்ளி கொடுத்து மாற்றி இன்னோர் ஆண்டு பயன்படுத்தினால், ஒரு நாளைக்கு 8.25 காசுதான்.

விலைகளை உங்கள் பைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நண்பர்கள் எல்லாரும் ஒரே சின்னத்தின் பையை மாட்டும்போது தானும் வாங்கத் தோன்றுவது இயல்பு. அந்தப் பணம் பெற்றோரின் உழைப்பாகவோ, வார இறுதியில் நீங்கள் உணவகத்தில் நின்று சம்பாதித்ததாகவோ இருக்கலாம். பையின் மேல் இருக்கும் சின்னம் எத்தனை மணி நேர வேலைக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பார்த்தால் முடிவு எளிதாகும்.

எங்கே தேடலாம்?

தேசிய சேவையாளர்களுக்கு நன்கு பழக்கமான இடம் பீச் ரோட்டின் கோல்டன் மைல் உணவு நிலையத்தில் இருக்கும் ராணுவப் பொருள் சந்தை. அங்கு விற்கப்படும் பைகள் பகட்டில்லாதவை. தேசிய சேவையை முடித்த அண்ணனோ மாமாவோ உடன் வந்தால், எது தாங்கும் எது தாங்காது என்று சொல்லிவிடுவார்.

கேரோசல் போன்ற தளங்களில் பழைய பைகளும் கிடைக்கின்றன. ஒரு பை இரண்டு ஆண்டு உழைத்தும் தையல் விடாமல் இருந்தால், அதுவே அதன் சான்றிதழ். வார் சேரும் இடம், ஜிப் இழுப்பான், உள்பூச்சு ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

கடையில் வாங்கும் பைக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகள் 2012 செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரில் நடப்புக்கு வந்தன. பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்று பொதுவாகக் கருதப்படும். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியாதபோது விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ அடுத்த வழி. வழக்கமான தேய்மானத்துக்கும், நாமே ஏற்படுத்திய சேதத்துக்கும், மனம் மாறியதற்கும் இது பொருந்தாது. கேரோசலில் தனிநபரிடம் வாங்கிய பொருளுக்கும் பொருந்தாது. ஆகவே, இரண்டாம் மாதத்தில் வார் பிய்ந்தால் முணுமுணுத்துக்கொண்டே புதுப் பை வாங்க வேண்டியதில்லை. ரசீதோடு கடைக்குப் போங்கள்.

கடையில் ஐந்து நிமிடம்

பை வாங்கச் செல்லும்போது உங்கள் மடிக்கணினியையும் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலையும் கொண்டு செல்லுங்கள். அனுமதி கேட்டு, இரண்டையும் பையில் வைத்து, தோளில் மாட்டிக் கடைக்குள் சில சுற்று நடங்கள். வார் வழுக்குகிறதா, அதன் நீளம் தானாக இறங்குகிறதா என்று அப்போதே தெரியும்.

பிறகு பையைக் காலி செய்து, உள்பக்கத்தைத் திருப்புங்கள். தையல் மூட்டின் இரு பக்கமும் மெதுவாக இழுங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். துணியின் வெட்டிய ஓரங்கள் பட்டை வைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். நூல் பிரிந்து தொங்கக்கூடாது. உள்துணி வெளிர் நிறமாக இருந்தால் அடியில் கிடக்கும் சாவியைத் தேடுவது எளிது.

வாங்கிய பிறகு பராமரிப்பு எளிதுதான். நனைந்த குடையைத் தனி உறையில் வையுங்கள். சலவை இயந்திரத்தில் போடாமல் மென்மையான சவர்க்கார நீரால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைப் பற்களின்மேல் தேயுங்கள். தோளை அடிக்கடி மாற்றி மாட்டுங்கள். வாரம் ஒரு முறை பையைக் கவிழ்த்தால், சேர்ந்திருக்கும் பழைய தாள்களும் தீர்ந்த பேனாக்களும் வெளியேறும், எடையும் குறையும்.

ஆண்டிறுதி விடுமுறையில் புதிய பை வாங்கும் பேச்சு பல வீடுகளில் தொடங்கும். அதற்குமுன் இப்போதைய பையை ஒரு முறை சோதியுங்கள். துணியும் அடிப்பக்கமும் நன்றாக இருந்து, ஜிப்போ வாரோ மட்டும் பழுதாகியிருந்தால், வீட்டருகே காலணி தைப்பவரிடமோ தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் இருக்கும் தையல் கடைகளிலோ காட்டி, என்ன செலவாகும் என்று கேளுங்கள். தொகையைக் கேட்ட பிறகு, புதிய பை தேவையா இல்லையா என்பதை நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம்.